ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு பயணம்: நடுவில் வரும் அந்தச் சனிக்கிழமை

கேள்வி இதுதான்: "ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். மயாமியிலிருந்து ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு பயணம் போட்டிருக்கிறோம். முதல் வாரம் கிழக்குக் கரீபியன், அடுத்த வாரம் மேற்குக் கரீபியன். இரண்டாவது வாரத்துக்கு அறை வேறு. நடுவில் ஒரு சனிக்கிழமை காலையில் கப்பல் மயாமிக்குத் திரும்பி, சாயங்காலம் மறுபடி கிளம்புகிறது. அன்றைக்கு நாங்கள் இறங்கியே ஆக வேண்டுமா? பெட்டிகளை என்ன செய்வது? அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது."

முதலில் நேரடியான பதில். நீங்கள் இறங்க வேண்டியிருக்கும், பெட்டிகள் இறங்க வேண்டாம், அம்மாவுக்கு வீல்சேர் கேட்டால் கிடைக்கும். இனி விவரமாகச் சொல்கிறேன். நான் இருப்பது ஃப்ளோரிடாவில். இந்த மாதிரி பேக்-டு-பேக் பயணம் ஐந்து முறை போயிருக்கிறேன். அதில் இரண்டு முறை ஊரிலிருந்து வந்த மாமனார் மாமியாரும் கூட வந்தார்கள். அதனால் முட்டி வலிக் கணக்கும் எனக்குத் தெரியும்.

உங்களுக்கு இது பதினான்கு நாள் பயணம். கப்பல் கம்பெனிக்கும் அமெரிக்க அரசுக்கும் அப்படி இல்லை. ஏழு நாள் பயணம் ஒன்று முடிகிறது, இன்னொன்று தொடங்குகிறது, இரண்டிலும் உங்கள் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். அன்றைக்கு நடக்கிற எல்லாக் கூத்துக்கும் காரணம் இதுதான். காலையில் நீங்கள் இறங்கிவிட்டதாகக் கணக்கு எழுத வேண்டும், பிறகு புதிதாக ஏறியதாக எழுத வேண்டும். ஒரே ஆள்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று யாரும் விடமாட்டார்கள்.

வேலைகள் சனிக்கிழமைக்கு முன்பே ஆரம்பமாகிவிடும். வீட்டில் இருக்கும்போதே இரண்டு பயணத்துக்கும் தனித்தனியாக ஆன்லைன் செக்-இன் செய்யுங்கள். முதலாவதுக்குச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. கப்பலில் ஏறியபின் இணையத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு பாஸ்போர்ட் படத்தை ஏற்றுவது பெரிய பாடு. ஐந்தாம் ஆறாம் நாளில் அறைக் கதவில் ஒரு கடிதம் செருகி வைத்திருப்பார்கள். சனிக்கிழமை எத்தனை மணிக்கு எந்த இடத்தில் கூட வேண்டும் என்று அதில் இருக்கும். பொதுவாகக் காலை 9.30 முதல் 10.30-க்குள் ஒரு நேரம், இடம் ஏதாவது ஒரு லவுஞ்ச் அல்லது தியேட்டர். வெள்ளிக்கிழமை மதியம்வரை கடிதம் வராவிட்டால் கெஸ்ட் சர்வீஸில் போய்க் கேளுங்கள். அங்கேயே அம்மாவுக்கு வீல்சேரும் சொல்லி வைத்துவிடுங்கள். சனிக்கிழமை காலை போய்க் கேட்டால் உங்களுக்கு முன்னால் ஐம்பது பேர் நிற்பார்கள். அன்று இறங்கிப் போகிறவர்களுக்கும் அதே நாற்காலிகள்தான் வேண்டும்.

இரண்டாவது வாரத்துக்கான புது அட்டையும் (அறைச் சாவி, பணப்பை, அடையாள அட்டை எல்லாம் அதுதான்) அதே சமயம் கைக்கு வரும், அல்லது கூடும் இடத்தில் தருவார்கள். பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறங்கும்போது பழைய அட்டையைத்தான் ஸ்கேன் செய்வார்கள், ஏறும்போது புதியதை. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க நான் பழையதன் மூலையில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவேன்.

இப்போது பெட்டி விஷயம். இரண்டு வாரமும் ஒரே அறை என்றால் எதையும் தொட வேண்டியதில்லை, பல் துலக்கும் பிரஷ்கூட இருந்த இடத்திலேயே இருக்கலாம். உங்களுக்கு அறை மாறுகிறது. அதனால் வெள்ளி இரவு சாமானையெல்லாம் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை அறைக்குள்ளேயே வைத்துவிட்டு, "இன்ன நம்பர் அறைக்கு மாறுகிறோம்" என்று ஸ்டீவர்டிடம் (அறையைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர்) சொல்லிவிடுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் புது அறை நம்பரை எழுதி ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டினால் இன்னும் நல்லது. அலமாரியில் தொங்கும் துணிகளை மடிக்கவே வேண்டாம், ஹேங்கரோடு அப்படியே தள்ளுவண்டியில் மாட்டிக் கொண்டுபோவார்கள். எங்கள் மாமியாரின் புடவைகள் எட்டாம் தளத்திலிருந்து பதினோராம் தளத்துக்குப் போன காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. முன்னால் ஒரு ஸ்டீவர்ட் வண்டியை இழுக்க, பட்டும் காட்டனுமாக ஏழு புடவை ஆடிக்கொண்டே வர, பின்னால் இன்னொருவர் மாமனாரின் செருப்பையும் ஊறுகாய் பாட்டிலையும் கையில் ஏந்தி வந்தார். சீர்வரிசை போகிற மாதிரியே இருந்தது. மாமியாருக்கு ஒரே வெட்கம்.

ஒரு தப்பை மட்டும் செய்துவிடாதீர்கள். அன்று இறங்கிப் போகிறவர்கள் எல்லாரும் வெள்ளி இரவு பெட்டியில் லேபிள் கட்டி அறை வாசலில் வைப்பார்கள், ராத்திரியோடு ராத்திரியாக அவை கீழே போய்விடும். என் முதல் பேக்-டு-பேக் பயணத்தில், தாழ்வாரம் முழுக்கப் பெட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து நானும் பழக்கதோஷத்தில் ஒரு பெட்டியை வெளியே வைத்துவிட்டேன். மறுநாள் காலை துறைமுகக் கூடத்தில் ஆயிரக்கணக்கான கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவில் எங்கள் கறுப்புப் பெட்டியைத் தேடி ஒரு மணி நேரம் அலைந்தேன். உள்ளே மாமனாரின் சர்க்கரை மாத்திரை.

அதையொட்டி இன்னொன்று. பழைய அறையை எட்டு, எட்டரை மணிக்குள் காலி செய்யச் சொல்வார்கள். புது அறை தயாராக மதியம் ஒரு மணி, ஒன்றரை ஆகிவிடும். நடுவில் ஐந்து மணி நேரம் உங்களுக்குக் கப்பலில் சொந்தமாக ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அதனால் கைப்பையில் பாஸ்போர்ட், இரண்டு அட்டை, மருந்து, நகை, ஃபோன் சார்ஜர், அம்மாவுக்கு ஒரு சால்வை, ஒரு பாக்கெட் பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள். அறையைவிட்டுக் கிளம்பும்முன் லாக்கரைத் திறந்து உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள். குட்டி ஃபிரிட்ஜையும் பாருங்கள். ஸ்டீவர்ட் பெட்டியைத் தூக்குவார், பூட்டிய லாக்கருக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை விடியும்போதே கப்பல் மயாமியில் கட்டியிருக்கும். துறைமுகம் டாட்ஜ் தீவில் இருக்கிறது. நகரத்துக்குப் போக ஒரு பாலமும் 2014-இல் திறந்த ஒரு சுரங்கப் பாதையும் உண்டு. பஃபேயில் காலைச் சாப்பாட்டை அன்று சீக்கிரம் மூடிவிடுவார்கள், ஒன்பதுக்குப் போனால் காப்பியும் ரொட்டியும்தான் மிஞ்சும். ஏழரைக்கே போய்விடுங்கள். ஆனால் அங்கேதான் அன்று கப்பலின் மொத்தக் கூட்டமும் இருக்கும், முதுகில் பையோடு, முகத்தில் விடுமுறை முடிந்த சோகத்தோடு. லிஃப்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். அம்மாவை மாடி மாடியாக இழுக்காமல், கூடும் இடம் எந்தத் தளத்தில் இருக்கிறதோ அந்தத் தளத்திலேயே ஒரு சோபாவைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, சாப்பாட்டை நீங்கள் தட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சொன்ன நேரத்துக்கு லவுஞ்சுக்குப் போனால் உங்களைப் போலவே இரண்டு வாரக்காரர்கள் முப்பது பேர் இருக்கலாம், இருநூறு பேரும் இருக்கலாம். நிறையப் பேர் ஓய்வு பெற்றவர்கள், எல்லாருக்கும் நடைமுறை அத்துபடி. அங்கே பெயரைச் சரிபார்த்துவிட்டு உட்காரச் சொல்வார்கள். அப்புறம் காத்திருப்பு.

எதற்குக் காத்திருப்பு என்றால், ஆட்கணக்கு பூஜ்யம் ஆவதற்கு. கப்பலை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரின் அட்டையும் கேங்வேயில் (கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் வழி) 'டிங்' என்று ஒலிக்கும்போது கம்ப்யூட்டரில் ஓர் ஆள் குறையும். போன வாரத்தில் வந்தவர்கள் கடைசி ஆள்வரை இறங்கி, குடிவரவு அதிகாரிகள் கப்பலுக்குச் சரி என்று சொன்னபிறகுதான் புதியவர்களை ஏற்ற முடியும். உங்கள் கூட்டத்தைப் பெரும்பாலும் கடைசியில்தான் அழைத்துப் போவார்கள். ஒரு முறை எங்கள் கப்பலில் கணக்கு இரண்டில் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் அதே இரண்டு பெயர்களை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். முதலில் மரியாதையாக, போகப் போகக் குரலில் சுதி ஏறியது. முக்கால் மணி நேரம் கழித்து, மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் காதில் இயர்ஃபோனோடு தூங்கிக்கொண்டிருந்த ஒரு தம்பதியைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் லவுஞ்சைக் கடந்து போனபோது எங்களில் ஒருவர் எழுந்து கைதட்ட, எல்லாரும் சேர்ந்துகொண்டோம். அவ்வளவு பேர் கைதட்டியதன் அர்த்தம் அவர்களுக்குப் புரிந்ததா தெரியவில்லை, சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள்.

கணக்கு சரியானதும் ஓர் ஊழியர் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார், பள்ளிக்கூடச் சுற்றுலா மாதிரி பின்னாலேயே போக வேண்டியதுதான். கேங்வே, நீளமான நடைபாதை, குடிவரவுக் கூடம். மயாமியில் இப்போது பெரும்பாலும் கேமரா முன் நிறுத்தி முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அமெரிக்கக் குடிமக்கள் சில நொடியில் போய்விடுவார்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் அதிகாரி விசாவைப் பார்க்கலாம், கைரேகை எடுக்கலாம், இரண்டு கேள்வி கேட்கலாம். "மகனோடு கப்பலில் வந்தோம், அடுத்த வாரமும் இதே கப்பல்" என்று சொன்னால் போதும். அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் தடுமாறினால் நீங்கள் அவர்கள் கூடவே வரிசையில் நில்லுங்கள். பிறகு அப்படியே சுற்றிக்கொண்டு புறப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைப்பார்கள். கப்பல் தயார் என்றதும் வெளியே காத்திருக்கும் பெருங்கூட்டத்துக்கு முன்னால் உங்களை ஏற்றிவிடுவார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் லவுஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து மறுபடி ஏறுவதுவரை ஒன்றரை மணி நேரம். சில நாள் நாற்பது நிமிடத்தில் முடிந்திருக்கிறது, ஒரு நாள் மூன்று மணி நேரம் ஆனது. துறைமுகத்துக்குத் துறைமுகம், அதிகாரிக்கு அதிகாரி கொஞ்சம் மாறும். சில இடங்களில் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கப்பலிலேயே இருக்க விடுவதும் உண்டு.

உங்கள் வீட்டுக்கு இந்தக் குடிவரவுதான் முக்கியமான இடம். அந்தச் சனிக்கிழமை அமெரிக்காவுக்குள் நுழைவது ஒன்று, அடுத்த சனிக்கிழமை நுழைவது இன்னொன்று. அப்பா அம்மாவின் பி-2 (சுற்றுலா) விசாவில் பல முறை நுழையலாம் என்று இருக்கிறதா பாருங்கள். இந்தியர்களுக்குப் பெரும்பாலும் பத்து வருடத்துக்குப் பல முறை என்றுதான் கொடுக்கிறார்கள், இருந்தாலும் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. நீங்கள் எச்-1பி (வேலை விசா) என்றால் உங்கள் பாஸ்போர்ட்டையும் புரட்டுங்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகி, ஐ-94 (எதுவரை அமெரிக்காவில் தங்கலாம் என்ற பதிவு) மட்டும் நடப்பில் இருக்கிற நிலையில் கனடா, மெக்சிகோ போய் 30 நாளுக்குள் திரும்ப ஒரு சலுகை உண்டு. அதைக் கேள்விப்பட்டு "பஹாமாஸும் பக்கத்தில்தானே" என்று கிளம்பிவிடுகிறார்கள். கரீபியன் தீவுகளுக்கு அந்தச் சலுகை எஃப், ஜே விசாக்காரர்களுக்கு (மாணவர்கள், பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர்கள்) மட்டும்தான், எச்-1பிக்குக் கிடையாது. தீவுகளில் இறங்க இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா என்பது தீவுக்குத் தீவு வேறு, இரண்டு பயணத்துக்கும் தனித்தனியாகக் கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். திரும்பி வந்ததும் அப்பா அம்மாவின் ஐ-94-ஐ இணையத்தில் எடுத்துப் பாருங்கள். புது தேதி விழுந்திருக்கலாம், பழையதே தொடரலாம். புது தேதி விழும் என்று நம்பி ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

சுங்கமும் அதே கூடத்தில்தான். கப்பலிலிருந்து ஆப்பிள், வாழைப்பழம், சாண்ட்விச் எதையும் கையில் எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். "வழியில் பசிக்குமே" என்று அம்மா பையில் ஒன்றைப் போட்டிருப்பார், எனக்குத் தெரியும். மோப்ப நாய் கண்டுபிடித்தால் அபராதம். பாக்கெட் பிஸ்கட் பிரச்சினை இல்லை. நகை, மது வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு: அமெரிக்காவில் வசிப்பவர் ஒருவர் 800 டாலர்வரை தீர்வை இல்லாமல் பொருள் கொண்டுவரலாம், செயின்ட் தாமஸ் போன்ற அமெரிக்க விர்ஜின் தீவுகளுக்குப் போயிருந்தால் 1,600 டாலர்வரை. ஆனால் இந்தச் சலுகை 30 நாளுக்கு ஒரு முறைதான். முதல் சனிக்கிழமை அதைப் பயன்படுத்திவிட்டால் அடுத்த சனிக்கிழமை உங்களுக்கு 200 டாலர்தான். கிழக்குக் கரீபியனில் கடைகள் அதிகம், அதனால் உங்கள் பயண வரிசை இந்த விஷயத்தில் தோதாகத்தான் அமைந்திருக்கிறது. வாங்கிய மது பாட்டில்களைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். முதல் வாரக் கடைசியில் தருவார்களா, இரண்டாவது வாரம் முடியும்வரை அவர்களிடமே இருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஊருக்குள் போகலாமா? போகலாம். காலையில் இந்தக் கூட்டத்தோடு சேராமல் மற்றவர்களோடு இறங்கி, நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, மதியம் புது அட்டையைக் காட்டி ஏறிக்கொள்ளலாம். பேசைடு மார்க்கெட்பிளேஸ் என்ற கடைவளாகம் டாக்சியில் சில நிமிடம்தான். மருந்து தீர்ந்துவிட்டது, தயிர் வேண்டும் என்றால் போய் வாருங்கள். சும்மா ஊர் பார்க்கப் போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பெரிய கப்பல்கள் ஐந்தாறு ஒரே காலையில் கட்டியிருக்கும் சனிக்கிழமையில் அந்தத் தீவுக்குள் வருகிற வண்டி வரிசையைப் பார்த்தால் நீங்களே திரும்பிவிடுவீர்கள். கூடவே, அந்த நாளின் ஒரே உண்மையான சுகம் கப்பலுக்குள்தான் இருக்கிறது.

மறுபடி ஏறியதும் ஓர் அரைமணி, முக்கால் மணி நேரம் கப்பல் உங்களுடையது. ஐகான் ஆஃப் த சீஸ் மாதிரி கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள்: 2,805 அறை, அறைக்கு இருவர் என்றால் 5,610 பேர், உச்சமாக 7,600 பேர் பிடிக்கும். அத்தனை பேர் இரைந்த இடத்தில் அப்போது நூறு பேர். நீச்சல் குளத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும். தாழ்வாரங்களில் அழுக்குப் படுக்கை விரிப்புகள் மலையாய்க் குவிந்திருக்கும். மூடிய மதுக்கூடத்தின் ஓரத்தில் ஓர் ஊழியர் சுவரில் சாய்ந்து வீடியோ காலில் குழந்தையிடம் பேசிக்கொண்டிருப்பார். அப்பாவை பால்கனிப் பக்கம் கூட்டிப்போய்க் கீழே பார்க்கச் சொல்லுங்கள். ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் முட்டையும் கோஸும் பால் டப்பாக்களும் அடுக்கிய பலகைகளைக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் குப்பை இறங்கும். எங்கள் மாமனார் ரயில்வேயில் இருந்தவர். ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டார், மதியச் சாப்பாட்டுக்கு நான் போய்த்தான் கூட்டிவர வேண்டியிருந்தது.

ஊழியர்களுக்கு வாரத்திலேயே கொடுமையான நாள் அதுதான். காலை ஏழுக்கும் மாலை நான்குக்கும் நடுவில் எல்லா அறையும் புதிதாக வேண்டும். ஒப்பந்தம் முடிந்த ஊழியர்கள் இறங்கி, புதியவர்கள் ஏறுவதும் அன்றுதான். சிடிசி என்கிற அமெரிக்க நோய்த் தடுப்பு அமைப்பின் சுகாதாரச் சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பதும் இந்த மாதிரி நாளில்தான். 100-க்கு 86 மதிப்பெண் வாங்காவிட்டால் கப்பல் தேறாது, மதிப்பெண்ணைப் பொதுவில் போட்டுவிடுவார்கள். அதனால் அன்று ஸ்டீவர்டைத் தாழ்வாரத்தில் நிறுத்திக் கூடுதல் தலையணை கேட்காதீர்கள், சாயங்காலம் கேளுங்கள். அறை மாறுவதால் ஸ்டீவர்டும் மாறுவார். முதல் வாரத்தவருக்குக் கையில் ஏதாவது கொடுப்பதாக இருந்தால் வெள்ளி இரவே கொடுத்துவிடுங்கள், சனிக்கிழமை அவரைப் பிடிக்க முடியாது.

கடைகளும் காசினோவும் துறைமுகத்தில் இருக்கும்வரை திறக்காது. மற்றபடி பணக் கணக்கும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். முதல் வாரச் செலவு உங்கள் கார்டில் போய், புதுக் கணக்கு திறக்கும். முன்பதிவின்போது கப்பலில் செலவழிக்கவென்று கிடைத்த இலவசப் பணம் மிச்சமிருந்தால் பெரும்பாலும் அடுத்த வாரத்துக்கு வராது. என் மனைவி ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்கு அப்படி மிஞ்சிய 40 டாலரைச் செலவழிக்க ஓடி, யாருக்கும் அளவு சேராத ஒரு தொப்பியோடு திரும்பினார். வைஃபை, பானப் பேக்கேஜ் எல்லாம் பயணத்துக்குப் பயணம் தனி. காலையில் திடீரென்று வாட்ஸ்அப் நின்றுபோனால் பயப்படாதீர்கள், புது அட்டையோடு மறுபடி உள்ளே நுழைந்தால் வந்துவிடும். அதற்கும் இரண்டாவது வாரத்துக்கு வாங்கியிருக்க வேண்டும்.

பாதுகாப்புப் பயிற்சியை மறுபடி செய்யத்தான் வேண்டும். "போன சனிக்கிழமைதானே செய்தோம்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், வேலைக்காகவில்லை. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களுக்கு அப்போது பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அன்றைய விதி. கப்பல் கிளம்பும்முன்போ கிளம்பிய உடனேயோ முடித்தாக வேண்டும் என்று 2015-இலிருந்து விதி மாறியது. தவிர, உங்களுக்கு அறை மாறுவதால் ஆபத்தில் கூடும் இடமும் மாறியிருக்கும். இப்போது பல கப்பல்களில் ஃபோனில் வீடியோ பார்த்துவிட்டு அந்த இடத்துக்குப் போய் முகத்தைக் காட்டினால் போதும், ஐந்து நிமிட வேலை. ஏறிய உடனே, கூட்டம் வருவதற்குள் அம்மாவைக் கூட்டிப்போய் முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டாவது வாரத்தில் வருகிற சலிப்பு அங்கேதான். ஏழு நாள் மெனு, ஏழு நாள் மேடை நிகழ்ச்சி என்று ஒரு சக்கரம் வைத்திருப்பார்கள், எட்டாம் நாள் அது முதலிலிருந்து சுற்றும். தீவுகள் மாறினாலும் சூப் மாறாது. கம்பெனியின் சொந்தத் தீவு இரண்டு பயணத்திலும் இருந்தால் அதையும் இரண்டு முறை பார்ப்பீர்கள். முதல் வாரத்தில் தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லி இந்தியச் சைவச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தால், புது மேசையில் அது தானாக வராது. சனிக்கிழமை சாயங்காலமே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், "போன வாரம் இன்னாரிடம் சொல்லிச் செய்தோம்" என்று பேசிவிடுங்கள். மேடை நிகழ்ச்சிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பது நான் தாமதமாகக் கற்ற பாடம். எல்லாவற்றையும் முதல் வாரமே பார்த்துத் தீர்க்காதீர்கள்.

தாமதம் வருமா? வரலாம். மயாமியில் குறைவு, குளிர்காலத்தில் டாம்பாவிலும் கால்வெஸ்டனிலும் பனிமூட்டம் இறங்கினால் கப்பல் உள்ளே வரவே முடியாமல் மணிக்கணக்கில் கடலில் நிற்கும். வயிற்றுப்போக்கு பரவிய வாரம் என்றால் கழுவித் துடைப்பதற்காக ஏற்றுவதைத் தள்ளிவைப்பார்கள். இதிலெல்லாம் உங்களுக்கு நஷ்டம் குறைவு. விமானத்தைப் பிடிக்க ஓட வேண்டியவர்களுக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மயாமியில் தொடங்கி மயாமியிலேயே முடிவதால் உங்களைத் தொடாத ஒரு சட்டம் இருக்கிறது. அடுத்து அலாஸ்கா போட யோசிக்கிறீர்கள் என்றால் அது காலைக் கடிக்கும். 1886-இல் வந்த ஒரு பயணிகள் கப்பல் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கக் கூடாது, நடுவில் தூர தேசத் துறைமுகம் ஒன்றைத் தொட்டிருந்தாலொழிய. கனடாவும் மெக்சிகோவும் தூர தேசக் கணக்கில் வராது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வான்கூவர் ஒரு பயணம், வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் விட்டியர் இன்னொன்று. தனித்தனியே இரண்டும் சட்டப்படி சரி. ஒரே கப்பலில் அடுத்தடுத்துப் போட்டால் லாஸ் ஏஞ்சலஸில் ஏறி விட்டியரில் இறங்கியவர் ஆகிவிடுவீர்கள், நடுவில் வான்கூவரில் இறங்கி ஏறியது கணக்கில் சேராது. வேடிக்கையைப் பாருங்கள், சனிக்கிழமை முழுக்க உங்களை "இரண்டு பயணம்" என்று படுத்துகிற அதே அரசு, இங்கே மட்டும் "ஒரே பயணம்" என்கிறது. இரண்டு முன்பதிவும் தனித்தனி எண்ணில் இருந்தால் கம்ப்யூட்டர் உடனே பிடிக்காது, பயணத்துக்குச் சில வாரம் முன்னால் ரத்து என்று மின்னஞ்சல் வரும். இரண்டாவது பாதிக்கு வேறு கப்பலில் ஏறினால் சிக்கல் இல்லை.

மத்தியதரைக்கடல் பக்கம் போனால் இந்தக் கூத்தெல்லாம் பாதிக்குப் பாதி குறைவு. அங்கே பல கப்பல்களில் பார்சலோனாவிலும் ஏறுகிறார்கள், ரோமுக்கான சிவிதாவெக்கியாவிலும் ஏறுகிறார்கள், தினம் யாருக்காவது முதல் நாள், யாருக்காவது கடைசி நாள். கப்பல் காலியாவதே இல்லை. பெரும்பாலும் புது அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு உங்கள் பாட்டுக்கு இருக்க விட்டுவிடுவார்கள்.

உங்கள் விஷயத்துக்கே திரும்பினால், அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். வீல்சேர் சொல்லி வைத்தால் தள்ளுவதற்கு ஆளும் வருவார், அந்த நீள நடைபாதைக்கு அது அவசியம். கூட ஒருவர் போகலாம், அப்பாவையே அனுப்புங்கள். கெஞ்சியும் அம்மா நாற்காலியில் உட்கார மறுத்தால் (எங்கள் மாமியார் மறுத்தார், "நான் என்ன நோயாளியா" என்று) லவுஞ்சிலும் புறப்பாட்டுக் கூடத்திலும் உட்கார இடம் தாராளமாக உண்டு. நிற்க வேண்டிய இடம் குடிவரவு வரிசை மட்டும்தான், பத்து இருபது நிமிடம். ஏறியதும் மதியச் சாப்பாட்டுக்கு நேரே பஃபேக்குப் போகாதீர்கள். சில கப்பல்களில் இரண்டு வாரக்காரர்களுக்குப் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் தனியாகப் பரிமாறுகிறார்கள், அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரவு மட்டும் மறக்காமல் பெட்டிக்கு லேபிள் கட்டி வாசலில் வையுங்கள். ஒரு வாரம் முழுக்க "வெளியே வைக்காதே, வைக்காதே" என்று சொல்லிப் பழகி, கடைசியில் நாங்கள் நான்கு பெட்டியையும் ஊறுகாய் பாட்டிலையும் நாங்களே உருட்டிக்கொண்டு இறங்கினோம்.